தையல் வகுப்புக் குறிப்புகள்

2024 ஜூலை 8

போன வருஷ ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்தேன். எம்பிராய்டரி பக்கம் எல்லா நோட்டிலும் அச்சு அசல் ஒன்று: லேசி டெய்சி பூ, சிவப்பு இதழ், மஞ்சள் நடு, பச்சை இலை. பலகையில் சாம்பிள் தொங்கினால் வேறென்ன வரும்? சாம்பிளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

"மிஸ், என்ன கலர் போடணும்?"

"உன் இஷ்டம்."

பீரியட் முடியும்வரை ஒருத்தியும் ஊசியில் நூல் கோக்கவில்லை.

ஜூலை 10

சரி, இஷ்டம் வேண்டாம், கட்டுப்பாடு வைப்போம் என்று தோன்றியது. உள்ளங்கை அகலக் கோராத் துணி (வெளுக்காத பருத்தி), ஒரே நிற நூல், ரன்னிங் ஸ்டிச்சும் பேக் ஸ்டிச்சும் மட்டும். பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த ஒன்றைத் தைக்க வேண்டும். கை தானாக ஓடியது. ஒருத்தி பஸ்ஸின் பின்பக்கத்தைத் தைத்தாள், படியில் தொங்கும் கால்களோடு. இன்னொருத்தி வெறும் கோடுகள் போட்டிருந்தாள். என்னவென்று கேட்டால் வேகத்தடையாம்!

ஜூலை 19

சுங்குடி, அதாவது துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிப் புள்ளி எடுப்பது. மதுரைக்காரப் பிள்ளைகளுக்கு இதில் தனியாக முன்னுரை வேண்டாம். சௌராஷ்டிரர் வீடுகளில் தலைமுறைகளாக நடக்கும் தொழில், 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி இறுக்கி, சாயத்தில் முக்க வேண்டும். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது.

முடிச்சுப் போடுவதில் ஒரு பெண்ணின் அம்மா கைதேர்ந்தவர். இவளோ கிள்ளுவதற்குப் பதில் கொண்டைக்கடலையையும் புளியங்கொட்டையையும் உள்ளே வைத்துக் கட்டினாள். பிரித்தபோது பெரிதும் சிறிதுமாக வளையங்கள். அம்மாவிடம் காட்டினாளாம். "அழகா இருக்கு, ஆனா கூலிக்கு ஆகாது" என்றாராம். அந்த வாக்கியத்தையும் ரெக்கார்டில் எழுதச் சொன்னேன்.

ஜூலை 26

சாயம். பருத்தியில் இயற்கைச் சாயம் லேசில் பிடிக்காது. முதலில் கடுக்காய்த் தண்ணீர், அப்புறம் படிகாரம், அதன் பிறகுதான் சாயம். ஒரு குழு கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டுவிட்டது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து துணி கருஞ்சாம்பலாகிவிட்டது. கடையில் அந்த நிறம் கிடைக்காது என்று ஒரே பெருமை.

மஞ்சள் தோய்த்த துணியில் ஒருத்தி சுண்ணாம்புத் தண்ணீரால் கோலம் வரைந்தாள். கோடெல்லாம் சிவப்பு. எலுமிச்சைச் சாறு தொட்ட இடம் மறுபடி மஞ்சள். வரைவதும் அழிப்பதுமாக மணி அடித்துவிட்டது. நிலைக்காத நிறம், வெயிலில் மஞ்சளே வெளுத்துவிடும். நோட்டில் ஒட்ட முடியாததற்கு எப்படி மார்க் போடுவது?

ஆகஸ்ட் 2

"பிராக்டிகலுக்கு வெளியிலிருந்து வருகிறவர் தையல் சீரா இருக்கான்னுதான் பார்ப்பார்" என்றார் சக ஆசிரியை. நியாயம்தான். கோணலான ஹெம்மிங்கைக் கற்பனை என்று என்னாலும் ஒப்புக்கொள்ள முடியாது. அதனால் தையலுக்கு மார்க் தனி. என்ன முயன்றாள், எங்கே மாற்றினாள் என்று எழுதுவதற்குத் தனி. சுண்ணாம்புக் கோலத்துக்கும் அதில்தான் இடம்.

அடுத்த வேலையைப் பிள்ளைகளே கேட்டார்கள்: யூனிஃபார்ம் சுடிதாருக்குப் பாக்கெட். எல்லாரும் பஸ் பாஸை வைத்து அளவெடுக்க, ஒருத்தி மட்டும் நாப்கினுக்கு அளவெடுத்தாள். வெளியே தெரியக் கூடாதாம். பக்கத் தையலுக்குள் மறையும் பாக்கெட் பாடத்தில் ரொம்பத் தள்ளித்தான் வருகிறது. திங்கள்கிழமையே எடுத்துவிடலாம்.