52-ஆம் அட்சக்கோட்டில் ஒரு வரைபடத் தொடர்

நடு அட்சங்களில், மேற்கு நோக்கிய பெருங்கடற்கரைகள் பலவற்றில் குளிர்காலம் மென்மையாகவும் கோடை இதமாகவும் இருப்பதோடு, ஆண்டு முழுவதும் மழையும் பெய்கிறது. கடல் அருகில் இருப்பது மட்டுமே இதற்குக் காரணமா என்பதை, வானிலை நிலையங்கள் வெளியிடும் முப்பது ஆண்டுச் சராசரிகளைக் கொண்டு வரைந்தே தெளிந்துகொள்ள விரும்பினேன். எனவே, ஒரே அட்சக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் என்று காலநிலை வரைபடங்களை வரைந்து வருகிறேன்.

மாத வெப்பத்தைக் கோடாகவும் மழையைப் பட்டைகளாகவும் வரைந்து, அளவுகோலுக்கு வால்ட்டர்–லீத் முறையைப் பின்பற்றினேன். அதில் 10 டிகிரி செல்சியஸும் 20 மில்லிமீட்டர் மழையும் ஒரே உயரத்தில் அமைவதால், மழை வெப்பக் கோட்டுக்குக் கீழே இறங்கும் மாதம் வறண்ட மாதம் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். எல்லாத் தாள்களிலும் அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும். நிலையத்துக்கேற்ப அதை மாற்றினால், கோடுகளின் சரிவை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

முதல் தாள் அயர்லாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள வேலன்சியா. குளிர்ந்த மாதத்தில் ஏறக்குறைய 7 டிகிரி, வெப்பமான மாதத்தில் ஏறக்குறைய 15 டிகிரி. கோடு மிக மெதுவாக எழுந்து மெதுவாகத் தணிகிறது. உச்சியில் ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் வேறுபாடே தெரிவதில்லை. ஆண்டு மழை 1,500 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, எந்த மாதமும் வறண்டதாக இல்லை. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான் பட்டைகள் மிக உயரமாக நிற்கின்றன. அடுத்து நெதர்லாந்தின் டி பில்ட், பெர்லின், வார்சா என்று நகர நகர, ஜனவரி 3 டிகிரிக்குச் சற்று மேலிருந்து சுழியத்தை ஒட்டி வந்து, பின்பு அதற்கும் கீழே போகிறது. ஜூலையோ 18, 19 என்று உயர்கிறது. சைபீரியாவின் இர்குட்ஸ்கில் ஜனவரி ஏறக்குறைய −18, ஜூலை ஏறக்குறைய +18. மழையும் அங்கே கோடையில் குவிந்துவிடுகிறது.

இதுவரை கடலிலிருந்து உள்ள தூரமே எல்லாவற்றையும் விளக்குவதுபோல் தோன்றும். இந்தத் தொடரிலேயே நான் மிக முக்கியமாகக் கருதுவது அடுத்த தாள்தான். கம்சாட்கா தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், பசிபிக்கை ஒட்டியே அமைந்த பெத்ரோபாவ்லோவ்ஸ்க் நகரத்தில் குளிர்மாதச் சராசரி −7 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. வேலன்சியாவைப் போலவே கடலோரம். அட்சக்கோடும் ஏறக்குறைய அதுவே. ஆனால் இந்த அட்சங்களில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், வேலன்சியாவை அட்லாண்டிக்கின் வெப்பம் வந்தடைகிறது. கம்சாட்காவின் கிழக்குக் கரைக்கோ குளிர்காலத்தில் ஆசியப் பெருநிலத்தின் குளிர் வந்து சேர்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்நீரோட்டமும் அங்கே தன் பங்கைச் செய்கிறது. ஆகவே, கடல் எவ்வளவு அருகில் உள்ளது என்பதைவிட, காற்று அதைக் கடந்து வருகிறதா என்பதே இந்தக் காலநிலையைத் தீர்மானிக்கிறது.

கடல் இவ்வளவு வெப்பத்தைத் தேக்கி வைப்பது எப்படி? ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் தேவை. உலர்ந்த மண்ணுக்கு அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போதும். மேலும், அலைகளும் காற்றும் கலக்குவதால் கடலில் வெப்பம் பல பத்து மீட்டர் ஆழம் வரை பரவுகிறது. நிலத்திலோ சில மீட்டர்களிலேயே மங்கிவிடுகிறது. கோடையில் சேர்ந்த வெப்பம் குளிர்காலம் முழுவதும் சிறுகச் சிறுக வெளிப்படுவதை வேலன்சியாவின் தட்டையான கோட்டில் கண்ணால் காண முடிவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

வரைந்து முடித்தபின், வெப்பத்தையும் மழையையும் கொண்டு காலநிலைகளுக்கு எழுத்துக் குறியீடு தரும் கோப்பன் வகைப்பாட்டின்படி எழுத்துகளைக் குறித்தேன். வறண்ட பருவம் இல்லாமல், வெப்பமான மாதம் 22 டிகிரிக்குக் கீழும், குறைந்தது நான்கு மாதங்கள் 10 டிகிரிக்கு மேலும் இருந்தால் சி.எஃப்.பி (Cfb), அதாவது நான் தொடக்கத்தில் சொன்ன கடற்கரைக் காலநிலை. குளிர்மாதம் எந்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும் என்ற எல்லையைச் சிலர் −3 என்றும் சிலர் 0 என்றும் கொள்வதால், வார்சா முதல் கணக்கில் இந்த வகைக்குள் வருகிறது, இரண்டாவதில் வெளியேறிவிடுகிறது. படிப்படியாக மாறும் ஒன்றில் கோடு கிழிக்கும்போது இது தவிர்க்க முடியாதது என்பதால், எழுத்தைவிடக் கோட்டின் வடிவத்தையே நான் அதிகம் நம்புகிறேன்.

மழை அளவைப் பற்றியும் அந்த எழுத்துகள் அதிகம் சொல்வதில்லை. நியூசிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஹோகிடிகாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,900 மில்லிமீட்டர் மழை பெய்ய, தெற்கு ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் மழை மறைவில் உள்ள கிறைஸ்ட்சர்ச்சில் 600 அளவே பெய்கிறது, இரண்டும் சி.எஃப்.பி தான். சியாட்டிலோ மேற்குக் கரையில் இருந்தும் இதில் சேர்வதில்லை. ஜூலையில் அதன் பட்டை 20 மில்லிமீட்டரைக்கூட எட்டாமல் வெப்பக் கோட்டுக்கு வெகுகீழே நின்றுவிடுகிறது.

அடுத்து ஃபாரோ தீவுகளின் டோர்ஷாவ்னை வரைய இருக்கிறேன். 62 டிகிரி வடக்கில் இருந்தும் அங்கே குளிர்மாதம் சுழியத்துக்கு மேலேயே நிற்கிறது. ஆனால் 10 டிகிரியைத் தாண்டும் மாதங்கள் மிகச் சிலவே என்பதால் அது அடுத்த வகையான சி.எஃப்.சி (Cfc) ஆகும். அதையும் இதே அளவுகோலில் வரைந்து வேலன்சியாவின் தாளுக்கு மேல் வைத்துப் பார்த்தால், இரண்டு கோடுகளில் எது அதிகத் தட்டையானது என்பது தெரிந்துவிடும்.