போயா நாளில் பேராதனைக்குப் போனேன்: ஒரு ட்ரான்ஸ்கிரிப்ட் எடுத்த கதை

ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது பட்டப்படிப்பின் பாடவாரிப் பெறுபேற்றுப் பட்டியல், உள்ள கவர் கைக்கு வந்து மூன்று வாரமாகிறது. பட்ட அலைச்சல் மறக்குமுன் எழுதிவிடுகிறேன். என்னைப்போல இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இப்போது வெளிநாட்டிலிருந்து ட்ரான்ஸ்கிரிப்ட் தேடுகிறவர்கள் நான் விட்ட பிழைகளை விடாமல் இருக்கட்டும்.

முதல் பிழை, முகவரை நம்பியது. கொழும்பில் ஒருவர், "நீங்கள் வரவே தேவையில்லை அக்கா, ஒரு கடிதம் தந்தால் போதும்" என்றார். 25,000 ரூபாய் அனுப்பினேன். இரண்டு மாதம் "நாளைக்கு, நாளைக்கு" என்றவர், பிறகு போனையே எடுக்கவில்லை. தங்கையின் மகளுக்குச் சாமத்தியவீடு என்று எப்படியும் யாழ்ப்பாணம் வரவேண்டி இருந்தது. சரி, அதோடு நானே போய் எடுப்போம் என்று முடிவெடுத்தேன்.

இரவு பஸ்ஸில் ஏறி விடியக் கண்டி. அங்கிருந்து ரயிலில் சரசவி உயன. இறங்கி நடக்கிறபோதே மனம் கம்பஸ் பிள்ளையாக மாறிவிட்டது. நிர்வாக அலுவலகங்கள் உள்ள செனற் கட்டட வாசலில் காவலாளி மட்டும்தான் நின்றார். "ஒபிஸ் எல்லாம் பூட்டு மிஸ், இன்றைக்குப் போயா" என்றார்.

கனடாவில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வருகிறவளுக்குப் பௌர்ணமி எப்போது என்று எங்கே நினைவிருக்கும்? ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே அரச விடுமுறை. பயணச்சீட்டு எடுக்கமுன் இலங்கைக் கலண்டரை ஒருதரம் பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஒரு நாளும், கண்டியில் ஓர் இரவு அறைக் காசும் போனது.

ஆனால் அந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பேராதனைக்குச் சுற்றுமதில் கிடையாது. ஊர் பஸ் ஓடுகிற கலஹா வீதியே வளாகத்தின் நடுவால் போகிறது. 1954இல் எலிசபெத் மகாராணியின் கணவர் எடின்பரோ கோமகன் இதைத் திறந்துவைத்தபோது, "வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருக்கிறது" என்று அறிவித்தார். மாணவர்கள் 1952இலேயே வந்துவிட்டார்களே, அதனால். அலுவலகக் கதவுதான் அன்றைக்குப் பூட்டு. மற்றபடி நான் காலையிலிருந்து மாலைவரை நடந்தேன், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

படிக்கிற காலத்தில் இந்தக் கட்டடங்களை நான் நின்று பார்த்ததில்லை. எந்நேரமும் லெக்சருக்கு ஓட்டம். செனற் கட்டடத்தின் செதுக்கிய தூண்களையும் கண்டிப் பாணிக் கூரையையும் இப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். ஆங்கிலேய நகரத் திட்டமிடலாளர் பற்றிக் அபர்குரொம்பி தந்த திட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் ஷேர்லி டி அல்விஸ் என்ற கட்டடக் கலைஞர். 1954 திறப்பு விழாவைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை. ஹந்தானை மலைக்கும் மகாவலிக்கும் இடையில், மலையை வெட்டித் தள்ளாமல் சரிவோடு சரிவாகக் கட்டடங்களை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக இவ்வளவு ஏற்ற இறக்கம்.

ஹில்டா ஒபேசேகர விடுதி வாசலில் கொஞ்சநேரம் நின்றேன். சரத்சந்திர திறந்தவெளி அரங்கின் படியில் போய் இருந்தேன். "வல" என்றுதான் எல்லோரும் சொல்வோம், சிங்களத்தில் குழி. சிங்களம் சரியாக விளங்காத முதல் வருடத்திலேயே அந்தப் படியில் இருந்து நாடகம் பார்த்து அழுதிருக்கிறேன். அக்பர் பாலத்தால் மகாவலியைக் கடந்து பொறியியல் பீடப் பக்கமும் போனேன். 1964இல் கொழும்பிலிருந்து இடம் மாறி வந்த பீடம் அது. கலைப்பீடத்தில் படித்த எங்களுக்கு அந்தக் கரை வேறு ஊர் மாதிரி. நூலகமும் பூட்டு. இலங்கையில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி சட்டப்படி வந்துசேருகிற இடம் அது. எங்கள் மூன்றாம் வருட ஆய்வுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைக்காத பழைய வெளியீடுகள்கூட அங்கே கிடைத்தன.

பின்னேரம் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறினேன். மலையும் மலை சார்ந்த இடமும் முருகனுக்கு என்று படித்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம்! சண்டைக் காலத்தில் வீட்டோடு கதைக்க வழியில்லாத வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள் கூடுகிற இடம் அதுதான். மணிச்சத்தம் கேட்டபோது என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

அடுத்த நாள் அலுவலகம். இருந்த உத்தியோகத்தர் பொறுமையானவர். என் படிவங்களை வாங்கிப் பார்த்தவர், வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கிற கனடா மதிப்பீட்டு நிறுவனத்தின் தாளில் ஒரு வரியை விரலால் காட்டினார். பட்டத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் வேறாக இருந்தால் அதற்கு ஆதாரம் இணைக்கவேண்டும். பட்டத்தில் அப்பாவின் பெயர், பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர். அந்த வரியை நான் வாசிக்கவே இல்லை. "இப்போது அனுப்பினால் அங்கே நிறுத்தி வைப்பார்கள். கலியாணச் சான்றிதழை இங்கிலிஷில் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால் கவர் கடல் கடந்து போய்த்தான் எனக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பவும் யாழ்ப்பாணம் பஸ்.

கலியாணச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கப் போன அலுவலகத்தில்தான் உண்மையான அலைச்சல். "பதிவு இலக்கம்?" என்றார் கவுண்டரில் இருந்தவர். தெரியாது என்றேன். திகதி சொன்னேன், இடம் சொன்னேன், பதிவாளரின் பெயர்கூடச் சொன்னேன். "இலக்கம் இல்லாட்டித் தேட ஏலாது." தேடுவதற்கு வேறு கட்டணம் என்றால் கட்டுகிறேன் என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே இருங்கோ என்றார். ஒன்பது மணிக்குப் போனவள் பன்னிரண்டரை வரை வாங்கில் இருந்தேன். சாப்பாட்டுக்கு எழும்பும்போது, "அடுத்த கிழமை வந்து பாருங்கோ" என்றார். எனக்கு விமானம் அடுத்த கிழமை. அதைச் சொன்னதும் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா மகனின் மரணச் சான்றிதழுக்கு நான்காம் தரம் வந்திருந்தார். அவரிடமும் அதே பதில்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் முதலில் தூக்கிய பெட்டி அது. அடியில் பொலித்தீனில் சுற்றி, என் கலியாணப் பதிவின் மங்கிய போட்டோகொப்பி. மூலையில் இலக்கம் தெளிவாக இருந்தது! அடுத்த நாள் காலை எட்டரைக்கே அந்தக் கவுண்டரில் தாளை வைத்தேன். கலியாணப் பதிவுப் புத்தகம் பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மறுநாளே ஆங்கிலப் பிரதி தந்துவிட்டார்.

இரண்டாம் தரம் பேராதனையில் எல்லாம் நேராக நடந்தது: விண்ணப்பம், கட்டணம், ரசீது. கவரை ஒட்டமுன் அதே உத்தியோகத்தர், நிறுவனம் தந்த குறிப்பு இலக்கத்தைக் கவரின் மேல் எழுதச் சொன்னார். அதையும் மறந்துதான் போயிருந்தேன்.

போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். கவர் ஒட்டிய இடத்தின் மேல் கையொப்பமும் சீலும் குறுக்கே விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ஒட்டிய கவராக இரண்டு கேளுங்கள், ஒன்று தவறினாலும் மற்றது இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் பிரித்தால் அதோடு அது செல்லாது. மூலப்பத்திரங்களைப் பொலித்தீனில் வைத்துக்கொண்டு போங்கள், ஹந்தானைப் பக்கம் மதியத்துக்குப் பிறகு மழை சொல்லாமல் வரும். எந்த அலுவல் எந்தக் கட்டடத்தில் என்று கேட்டுவிட்டு நடக்கத் தொடங்குங்கள். கலியாணமான பெண்கள், பதிவு இலக்கத்தை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

நேற்று நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: ஆவணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உடனே அம்மாவுக்குத்தான் போன் எடுத்தேன். போட்டோகொப்பியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டாராம்.