சுண்டெலி இதயத்தின் விறைப்பை அளக்க: ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 3
கல்லீரலில் இந்த வேலை எளிது. வெளியிலிருந்து 60 ஹெர்ட்ஸ் அதிர்வு கொடுத்து, உள்ளே குறுக்கலை (திசுவைப் பக்கவாட்டில் அசைத்தபடி முன்னே செல்லும் அலை) ஓடுவதை எம்.ஆர்.ஐ.யில் படம் பிடிக்கிறோம். திசு விறைக்க விறைக்க அலையின் வேகம் கூடும். முத்துப்பிள்ளை முதல் ஆசிரியராக இருக்க, 1995-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த மேயோ கிளினிக் கட்டுரைதான் இதற்கெல்லாம் தொடக்கம். சுண்டெலியின் இதயமோ நிமிடத்துக்கு 500 முறை துடிக்கிறது. சுவரின் தடிமன் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்.

ஜூன் 4
முதலில் திசுவுக்குப் பதிலாக அகரோஸ் ஜெல்லில் சோதனை, 400 ஹெர்ட்ஸ். அலை வரிவரியாக, அழகாக வந்தது.

ஜூன் 9
இன்று எலி. ஐசோஃப்ளுரேன் மயக்கம், கண் உலராமலிருக்கக் களிம்பு, கால்களில் ஈ.சி.ஜி. முனைகள், மூச்சைக் கவனிக்க வயிற்றடியில் சின்னக் காற்றுப்பை, உடற்சூடு 37 டிகிரியில் நிற்க வெதுவெதுப்பான காற்று. மயக்கம் ஆழமானால் துடிப்பு குறையும், அளவும் மாறிவிடும். அதனால் திரையைவிட எலியைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரேடியன்ட் (ஸ்கேனரின் காந்தப்புலத்தை மாற்றும் சுருள்கள்) ஓடத் தொடங்கியதும் ஈ.சி.ஜி. கோட்டில் இரைச்சல் ஏறி, எது துடிப்பு என்றே தெரியவில்லை. கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டதும் அடங்கியது.

ஜூன் 10
அலை நொடிக்கு 2 மீட்டர் ஓடினால், 400 ஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மில்லிமீட்டர். சுவரைவிட ஐந்து மடங்கு! வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி, விறைப்பு '4 கிலோபாஸ்கல்' என்று எழுதிவிடலாம்தான். நான் எழுத மாட்டேன். அந்தச் சூத்திரம் நாலாபக்கமும் திசு பரந்திருக்கும் இடத்துக்கு உரியது. மெல்லிய சுவரில் அலை, தகடு நெளிவதுபோல் ஓடும். அந்த வேகத்தில் தசையின் விறைப்போடு சுவரின் தடிமனும், உள்ளே நிறைந்த இரத்தத்தின் அழுத்தமும் கலந்தே இருக்கும். அதிர்வெண்ணை 800-க்கு ஏற்றினால் அலைநீளம் குறையும், ஆனால் அலை சீக்கிரமே தேய்ந்துவிடும்.

ஜூன் 12
ஒரே இதயம், 120 மில்லிநொடிக்குள் இறுகித் தளர்ந்துவிடுகிறது. எந்த நேரத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணை நம்புவதற்கில்லை.

ஆனாலும் இதை விட மனமில்லை. இரத்தத்தை வெளியேற்றும் திறன் குறையாமலே, சுவர் விறைத்து, சரியாக விரிய முடியாமல் செயலிழக்கும் இதயங்கள் உண்டு. எலியில் அந்த விறைப்பை வடிகுழாய் செருகி அளந்தால் பெரும்பாலும் அதோடு அதன் உயிரும் முடிந்துவிடும். படத்தில் அளந்தால் அதே எலியை வாரங்கள் கழித்தும் பார்க்கலாம், மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். அடுத்த ஓட்டத்தில் விரியும் நேரம், சுருங்கும் நேரம் இரண்டிலும் எடுத்து, சுவரின் தடிமனையும் பக்கத்திலேயே குறிக்கப்போகிறேன்.