பொத்தானை அழுத்தினால் முடிந்ததா?
ஹட்டனில் விடாத மழை. கோத்தகிரியிலிருந்து சித்தப்பா மகள் அழைத்தாள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பம். அவள் ஆசிரியை, வாக்கு எண்ணும் பணிக்குப் போய் வந்தவள்.

"உங்களுக்கென்ன, வாக்கு இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் முடிந்தது" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "முதலில் இயந்திரத்தின் முத்திரையை வேட்பாளர்களின் முகவர்களுக்குக் காட்ட வேண்டும், அண்ணா. பிறகு மொத்தத்தைப் சாவடியில் பதிவான வாக்குக் கணக்கான படிவம் 17சியோடு ஒப்பிட வேண்டும். ஒரு வாக்கு இடித்தாலும் விளக்கம் சொல்ல வேண்டும். கடைசியில் முகவர்களின் கையெழுத்து." அதற்கு மேல் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து வாக்களித்தபோது இயந்திரம் அச்சிட்ட ஒப்புகைச் சீட்டுகளையும் எண்ணுவார்களாம். ஆக, அங்கேயும் கடதாசிதான்!

2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் அடுத்த தெரிவாகக் குறித்த இரண்டாம் விருப்பு வாக்கை முதன்முறையாக இங்கே எண்ணியதைச் சொன்னேன். "கையாலா?" என்றாள். அப்புறம்தான் கோபம் தணிந்தது.