முதல் 20 நிமிடம்

"ஏம்மா, கழுவின பெட்டோட முதல் தண்ணிய நீங்க வெளிய விட்டுடுறீங்க. நம்ம பிளான்ட்டுல அத எங்க விடுறது?"

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர் அண்ணா சண்டைக்காகக் கேட்கவில்லை. பெட் என்றால் தண்ணீரை வடிகட்டும் மணல் படுகை. சிறிய அளவில் சோதித்துப் பார்க்க நாங்கள் வைத்திருந்த பைலட் குழாய் பக்கத்தில் டீ கிளாஸோடு நின்றிருந்தார். நான் லேப்டாப்பில் அட்டவணையைச் சரிசெய்துகொண்டே, "அது டிசைன்ல வந்துடும்ணா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆறு வருஷமாகியும் அந்தப் பதில் என்னை விடவில்லை.

150 மி.மீ. அக்ரிலிக் குழாயில் 75 செ.மீ. மணல். பிளான்ட் ஓடிய மணிக்கு 5 மீட்டர் வேகத்தில் அதில் ஒரு மணி நேரத்துக்கு 88 லிட்டர் இறங்கும். நாங்கள் 7.5-ல் ஓட்டினோம், 132 லிட்டர். அது தாங்கிவிட்டால் இருக்கிற எட்டு பெட்டிலேயே ஒன்றரை மடங்கு தண்ணீர், ஒரு செங்கல் வைக்காமல். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நானும்தான்.

தாங்கியது. தினமும் காலையில் ஜாடிகளில் சோதித்து (ஜார் டெஸ்ட்), அழுக்கைத் திரட்டும் ஆலத்தின் (படிகாரம்) அளவை மாற்றினோம். தெளிந்த நீர் மணலைத் தாண்டி 0.3 என்டியு-வில் வந்தது; என்டியு கலங்கலை அளக்கும் அலகு. பேக்வாஷ் (கீழிருந்து தண்ணீர் விட்டு மணலைக் கழுவுவது) முடிந்த முதல் 20 நிமிடம் மட்டும் 1.8 வரை ஏறி இறங்கும். மணல் இடுக்கில் கழுவல் நீர் மிச்சமிருக்கும். அலசிய மணலுக்குப் பிடிமானமும் குறைவு. எந்த ஃபில்டரிலும் இது உண்டு. அந்த 20 நிமிட வரிகளை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, அடியில் சிறிய எழுத்தில் "முதிர்வு நேரம் நீங்கலாக" என்று போட்டேன்.

பொய் எழுதவில்லை. எங்கள் பைலட்டில் முதல் தண்ணீரை வெளியே விட வால்வு இருந்தது. பழைய பெட்களில் அது இல்லை. வால்வு வைக்கவேண்டும் என்று என் அறிக்கையின் பரிந்துரைப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, எட்டாவதாக. முதலாவதாக இருந்திருக்கலாம்.

கணக்கும் என் பக்கம்தான். அந்த 20 நிமிடத்தின் சராசரி 1.2. 24 மணி நேர ஓட்டத்தில் அதைச் சேர்த்தாலும் 0.31 தான் வரும். எட்டில் ஒரு பெட் 1.2 கொடுத்தாலும் கலந்த நீர் 0.41. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 1. இதை மனதுக்குள் எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சரியாகவே வருகிறது.

ஆனால் 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் சுமார் 4 லட்சம் பேர் குடிநீரால் வயிற்றுப்போக்கில் விழுந்தபோதும் சுத்திகரித்த நீரின் கலங்கல் அன்றைய சட்ட வரம்புக்குள்தான் இருந்தது. குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மணலைத் தாண்டிப் போயிருந்தது. கலங்கல் ஓர் அடையாளம்தான். எதைத் தடுக்க ஃபில்டர் வைக்கிறோமோ அதைச் சராசரி காட்டிக்கொடுக்காது. இதைக் கல்லூரியிலேயே படித்திருந்தேன்.

அண்ணா ஓய்வு பெற்ற பிறகு அவரோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னார்: கழுவிய பெட்டை அண்ணா உடனே ஓட்டமாட்டாராம். அரை மணி நேரம் சும்மா விட்டு, அப்புறம் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பாராம். முதல் தண்ணீரை வெளியே விடும் வால்வு இல்லாத பிளான்ட்டில் அதுதான் நல்ல மருந்து. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு பெட் நின்றால் மற்ற ஏழும் அதன் பங்கைச் சுமக்கவேண்டும். 5-ல் ஓடும்போது அது 5.7 ஆகும், தாங்கும். 7.5-ல் 8.6 ஆகிவிடும். அந்த வேகத்தை நான் பைலட்டில் சோதிக்கவே இல்லை. அவர் கையிலிருந்த அரை மணி நேரத்தை என் அறிக்கை எடுத்துக்கொண்டது. அன்று "இப்ப எப்படிண்ணா செய்யறீங்க?" என்று திருப்பிக் கேட்டிருந்தால் போதும், சொல்லியிருப்பார்.

கடைக்கோடித் தெருக்களுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீர் இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறது. அந்தக் குடங்களைப் பார்த்தபின் 7.5 தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்ப அந்த வேலை வந்தால் 6 என்று எழுதுவேனா? சில நாள் எழுதுவேன் என்று தோன்றும், சில நாள் இல்லை.

வால்வு இன்னும் வைக்கவில்லை. புகார் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை, மாதாந்திர சாம்பிளும் தேறுகிறது. ஆனால் சாம்பிள் எடுப்பது பகல் 11 மணி வாக்கில். பெட் கழுவுவது பெரும்பாலும் இரவு ஷிஃப்டில்.