பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் ஏரியை அளந்துவிடுங்கள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழையைக் கொட்டியது. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அதன் பிறகு ஏரிப் புறம்போக்குக்கு எல்லை கட்டி வாங்கும் வேலையில் நாங்கள் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் சேற்றுக்கோடு. தண்ணீர் எதுவரை நின்றது என்பதற்குச் சுவரில் படிந்த சேறுதான் சாட்சி. பொங்கலுக்கு வெள்ளையடித்தால் சாட்சி போச்சு. கோட்டின் மேலேயே பெயின்டில் கோடு இழுத்து, தேதி எழுதி, டேப்பை வைத்துப் படம் எடுக்க வேண்டும். கலிங்கின் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கட்டு) மேல்விளிம்பிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு உயரம் என்று பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவலே போதும். 20 மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு சொட்டு நீலம் விட்டால் மட்டம் தெளிவாகத் தெரியும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அளவு நாலு விரற்கடை பொய் சொல்லும். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே நகர வேண்டும்.

அடுத்தது காகிதம். அ-பதிவேடும் (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் எழுதிய கிராமக் கணக்கு) புலப்பட நகலும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) வாங்க வேண்டும். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு (ஊரில் யுடிஆர் என்பார்கள்) முந்தைய பதிவேட்டையும் கேளுங்கள். ஏரி என்றிருந்த சர்வே எண்ணின் ஒரு பகுதி உட்பிரிவாகிப் பட்டாவாகியிருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அலுவலகத்தில் 'பழையது இல்லை' என்றார்கள். 10 ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதும் கிடைத்தது. பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் என்பது 66 அடி, அதாவது சுமார் 20 மீட்டர். அதை மீட்டர் என்று படித்துவிட்டால் ஏரி ஐந்து மடங்கு நீண்டுவிடும், மனுவும் சிரிப்பாகிவிடும்.

ஏரி யாருடையது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆயக்கட்டு (ஏரி பாயும் நிலம்) 100 ஏக்கருக்குக் கீழே என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம். பெரிய ஏரி என்றால் நீர்வளத் துறை. துறையின் ஏரிகளுக்கு 2007-இன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பேசும். ஒன்றிய ஏரிக்கு 1905-இன் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும்: 7-ஆம் பிரிவில் நோட்டீஸ், 6-இல் அகற்றும் உத்தரவு. மேசை மாறிப் போன மனு மூன்று மாதம் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்.

அவசரம் எதற்கு என்றால் பார்புடாவைப் பாருங்கள். கரீபியன் கடலில் உள்ள அந்தத் தீவில் நிலம் மொத்தமும் ஊருக்குப் பொது. 2007-இல் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். 2017 செப்டம்பரில் இர்மா புயல் அடித்ததும் தீவு மக்கள் எல்லோரையும் பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவுக்குக் கொண்டு போனார்கள். ஆள் இல்லாத அந்த மாதங்களில் விமான நிலையத்துக்காக நிலம் செதுக்கும் வேலை தொடங்கியது, நிலச் சட்டமும் மாற்றப்பட்டது. அந்தக் கட்டுமானத்தை எதிர்த்து வழக்குப் போட ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டு என்று அந்த நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது 2024-இல்.

கிராமசபையில் 'ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்' என்று மொட்டையாகத் தீர்மானம் போட்டால் பயனில்லை. சர்வே எண், உட்பிரிவு, ஹெக்டேர், கலிங்கு மட்டம் நாலும் அதில் ஏற வேண்டும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் கூட்டம் செல்ல 100 பேர் கையெழுத்து தேவை. 2025 ஜனவரியில் எங்கள் பக்கம் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டதால், மனுவை முன்கூட்டியே கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது.

கரையைப் பலப்படுத்த ஜேசிபி வரும் நாளில் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். நம் பக்கம் ஏரிக்கரையில் நடுகல் இல்லாத ஊர் குறைவு. வாளும் வில்லும் ஏந்திய வீரன் மண்ணுக்குள் குப்புறக் கிடந்தால் டிரைவருக்கு அது வெறும் பலகைக்கல். சுண்ணாம்பால் வட்டம் போட்டு, கல்லை நகர்த்தாமல் படம் எடுத்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

எல்லைக்கல்லை ஈரத்தில் நடாதீர்கள், சாய்ந்துவிடும். பங்குனியில் தரை இறுகிய பிறகு நட்டு, ஆவணியில் கல்லுக்குக் கல் 10 அடிக்கு ஒரு பனங்கொட்டை ஊன்றினோம்.