ஹெரால்டுக்கு என்ன வெள்ளை?

அக்டோபர் 11, புதன்

இடது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகி, இன்று கட்டைப் பிரித்தார்கள். வலது கண் இன்னும் பாக்கி. நர்ஸ் போட்டிருந்த கோட்டுதான் முதலில் தெரிந்தது. அப்படியொரு வெள்ளையை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மேஜைக்குப் போனேன். அப்பாவுடைய பழைய ஹெரால்டு காரைச் சின்ன மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதற்காகப் போன மாதம் வண்ணம் அடித்துப் பார்த்த ஏழு பிளாஸ்டிக் ஸ்பூன்கள் வரிசையாகக் கிடக்கின்றன. நாலாம் நம்பர்தான் சரி, அப்பாவுடைய கார் இதேதான் என்று முடிவு செய்து மூடியில் குறித்தும் வைத்திருந்தேன். வலது கண்ணால் பார்த்தால் இன்னும் அதே நிறம்தான், பால்கோவாவுக்கும் மோருக்கும் நடுவில் ஒரு வெள்ளை. வலதை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் கதவு. நீலம் ஓடுகிறது.

பத்துத் தடவையாவது மாற்றி மாற்றிப் பார்த்திருப்பேன். "கண்ணை இப்படி மூடி மூடித் திறக்காதீங்க, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று என் மனைவி உள்ளே இருந்து கத்தினாள்.

அக்டோபர் 12, வியாழன்

தூசி கூடாது. பெயிண்ட் தின்னர் வாசனை கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரண்டு வாரம்.

அக்டோபர் 14, சனி

தொடக் கூடாது என்றுதானே சொன்னார்கள், பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. காலையில் இருந்து காரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

24-ல் ஒன்று அளவு. நிஜக் கார் மூன்று மீட்டர் 88 சென்டிமீட்டர். இது 162 மில்லிமீட்டர், உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது. அக்கா பையனின் நண்பன் ரெசினில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். பிரிண்டின் வரிவரியான படிகள் போக மூன்று மாதம் தேய்த்திருக்கிறேன். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மறுபடி 1000 நம்பர் வாட்டர் பேப்பர். கூரையில் மட்டும் விரல் வைத்தால் இன்னும் ஓர் இடத்தில் படி தட்டுப்படுகிறது. விரலுக்குத்தான் தட்டுப்படுகிறது, கண்ணுக்கு இல்லை.

ஹெரால்டே துண்டு துண்டாகப் பெட்டியில் வருகிற மாடல் கிட் மாதிரிதான். 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி இதைக் கொண்டுவந்தபோது மற்றவர்கள் ஒரே கூடாகக் கார் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். இவர்களுக்குக் கூடு அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனியாக ஒரு சேஸிஸ், அதாவது அடிச்சட்டம் போட்டு, உடம்பைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டினார்கள். வரைந்து கொடுத்தவர் மிகெலோட்டி என்ற இத்தாலியர். துண்டுகளாகப் பெட்டியில் அனுப்பி இன்னொரு நாட்டில் பூட்டுவதற்கும் இது தோதாக இருந்தது. 1961-ல் இருந்து சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று வந்தது. பெருங்களத்தூரில் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தலை தானாகத் திரும்பிவிடும்.

பின் சக்கரம்தான் என் கவலை. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஊசலாடுகிற ஆக்ஸிலில் நிற்பவை. வண்டி காலியாக இருந்தால் சக்கரத்தின் தலை வெளியே சாயும். ஆள் ஏறினால் உள்ளே சாயும். படங்களில் பார்க்கிற மாடல்கள் எல்லாவற்றிலும் சக்கரம் நேராக நிற்கிறது. எனக்கு நேராக வேண்டாம். எங்கள் காரின் பின் சீட்டில் எப்போதும் நாலு பேர், டிக்கியில் அரிசி மூட்டை. தலை உள்ளே சாய்ந்துதான் நான் பார்த்திருக்கிறேன். மூன்று டிகிரி வைக்கலாம் என்றிருக்கிறேன். 24 மில்லிமீட்டர் உயரச் சக்கரத்தில் அது ஒன்றேகால் மில்லிமீட்டர்.

அக்டோபர் 17, செவ்வாய்

சொட்டு மருந்து ஆறு வேளையில் இருந்து நாலு வேளை ஆகியிருக்கிறது.

ஸ்டீயரிங் கம்பத்தைப் பொருத்தப் போனேன். ஒட்டுவது மட்டும்தான், தூசி இல்லை. ட்வீசரை நீட்டினால் துளைக்கு முன்னாலேயே காற்றில் நிற்கிறது. ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் மைனஸ் ஆறு பவர், கிட்டத்துக்கு மட்டும். இரண்டும் சேர்ந்து ஆழம் சொல்ல மாட்டேன் என்கின்றன. மூன்றாவது தடவை கம்பம் துள்ளி விழுந்தது. மொசைக் தரை. கறுப்பும் சாம்பலும் புள்ளி புள்ளியாக உள்ள தரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சென்டிமீட்டர் கம்பியைத் தேடுவது என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அவள் ஈரத்துணி போட்டு ஒத்தி எடுத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 19, வியாழன்

அக்காவுக்கு போன். எடுக்கவில்லை.

அக்டோபர் 23, ஆயுத பூஜை

பெயிண்ட் தூவுகிற ஏர்பிரஷைக் கழற்றி ஊசி, மூக்கு, கப் எல்லாவற்றையும் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். கம்ப்ரஸருக்குச் சந்தனம், குங்குமம். கத்திப் பிடி, ட்வீசர், அப்பாவின் அரத்துக்கும். காரை வைக்கலாமா என்று யோசித்தேன். முடியாத வண்டிக்கு எதற்குப் பொட்டு என்றாள் அவள். அதுவும் சரிதான். ஆனாலும் பானெட்டை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தேன்.

அப்பா எலுமிச்சம்பழம் வைத்து எடுப்பார். அப்புறம் தெருமுனை வரை ஒரு சுற்று. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அப்பாவுக்கு அப்படியொரு பெருமை. எங்கள் தெருவில் பின்னால் எடுக்காமல் திரும்பியது அந்த ஒரு கார்தான்.

அக்டோபர் 25, புதன்

அக்கா எடுத்தாள்.

"என்ன கலர்டா? வெள்ளைதான்."

"என்ன வெள்ளைக்கா?"

"அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி இருக்கும்."

முதல் தண்ணியா ரெண்டாவது தண்ணியா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டாவது" என்றாள். யோசித்துச் சொன்ன பதில் என்று குரலிலேயே தெரிந்தது. அம்மா இருந்திருந்தால் சுண்ணாம்பு என்றிருப்பாள்.

போட்டோ என்று பார்த்தால் கறுப்பு வெள்ளையில் எட்டு, கலரில் ஒன்றே ஒன்று. 1979, அக்கா கல்யாணம், கார் மேல் பூமாலை. பிரிண்ட் முழுக்கச் சிவந்துபோய்விட்டது. பழைய கலர் பிரிண்டுகளில் ஒரு சாயம் முதலில் போகும், மற்றது நிற்கும். அந்தப் போட்டோவில் வேப்பமரமே செம்மண் நிறத்தில் இருக்கிறது. அதில் போய்க் காரின் வெள்ளையை எங்கே தேடுவது?

போனை வைக்கப் போகும்போது அவள் சொன்னாள்: "கார் பெயிண்ட் மிச்சத்துல அப்பா ஒரு முக்காலிக்கு அடிச்சாரே, அது இங்கதான் இருக்கு. மோட்டார் ரூம்ல."

இத்தனை வருஷம் அது அங்கேயே இருந்திருக்கிறது. அக்கா அடுத்த ஆபரேஷனுக்குத் துணைக்கு வருகிறாள். எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். மூன்று தடவை சொன்னேன்.

அக்டோபர் 28, சனி

இரண்டு வாரம் முடிந்தது, டாக்டரும் சரி என்றார். பால்கனிக் கதவைத் திறந்து, முகமூடி போட்டு, 0.3 மூக்கு மாட்டி, காற்றழுத்தம் 20 பி.எஸ்.ஐ. வைத்து, ஆறாம் ஸ்பூன் நிறத்தை அடித்தேன். முதல் பூச்சு தூறல் மாதிரி. இரண்டாவது பூச்சு கொஞ்சம் ஈரமாக. கதவின் வளைவில் வெளிச்சம் ஒரே கோடாக ஓடியது. எனக்கு மூச்சே நின்றது.

பத்து நிமிஷத்தில் மழை. ஈரக்காற்று உள்ளே வந்தது. கூரை முழுக்கப் பூத்துவிட்டது, விபூதி பூசின மாதிரி. லாக்கர் பெயிண்ட் உலரும்போது தின்னர் வேகமாக ஆவியாகி மேல்பரப்பைக் குளிர வைக்கும், காற்றின் ஈரம் அதன் மேல் படியும். ஐப்பசியில் சென்னையில் லாக்கர் அடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன். ஏன் இந்த அவசரம் என்றும் தெரியும். நவம்பர் 16, வலது கண்ணுக்கு ஆபரேஷன்.

கதவைச் சாத்தி, மெதுவாக உலரும் தின்னரை மட்டும் கப்பில் ஊற்றி லேசாகத் தூவினேன். முக்கால்வாசி தெளிந்தது. பின்பக்கத் தூணில் மட்டும் மங்கலாக நிற்கிறது.

இரவு சாப்பிடவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

இடது கண்ணால் பார்த்தால் ஆறாம் நம்பரும் தப்பு.

நவம்பர் 2, வியாழன்

வலது கண்ணுக்கு லென்ஸ் அளவு எடுத்தார்கள். நாடியை வைத்து, நெற்றியை ஒட்டி, உள்ளே தெரிகிற புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். அப்புறம் டாக்டர் கேட்டார். "இந்தக் கண்ணுக்கும் தூரத்துக்கே வெச்சிடலாமா? இல்ல, கிட்டப் பார்வைக்கு வைக்கலாமா? ரெண்டு நாள்ல சொல்லுங்க."

நாற்பது வருஷமாக இந்தக் கண்தான் என் பூதக்கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பொருளை மூக்கில் இருந்து பதினாறு, பதினேழு சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் போதும், ஊசிமுனை கூடத் தெளிவாகத் தெரியும். ஸ்பீடோமீட்டர் முள், கதவுக் கைப்பிடியின் சாவித்துளை எல்லாமே அந்தத் தூரத்தில் வைத்துச் செய்தவை. நண்பர்கள் எல்லாம் தலையில் மாட்டுகிற லென்ஸ் வாங்கினபோதும் நான் வாங்கவில்லை. மைனஸ் ஆறு எனக்கு ஒரு நாளும் குறையாகத் தோன்றியதில்லை. பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்பார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றினால் எறும்பின் காலை எண்ணுவேன்.

இனி அந்தத் தூரம் எனக்குக் கிடையாது. மைனஸ் இரண்டரை வைத்தால் நாற்பது சென்டிமீட்டர் கிடைக்கும். புத்தகம் படிக்கலாம், மேஜையில் வேலை செய்யலாம். முள்ளுக்கு லென்ஸ் மாட்டத்தான் வேண்டும். தூரத்துக்கு வைத்தால் பஸ் நம்பர் இரண்டு கண்ணிலும் தெரியும், ஆனால் கைக்கு எட்டுகிற எதற்கும் கண்ணாடி தேட வேண்டும். எல்லாரும் தூரத்துக்குத்தான் வைத்துக்கொள்கிறார்கள் என்று அவள் சொல்கிறாள். அவளுடைய அண்ணனும் அப்படித்தானாம்.

எனக்குத் தூரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

நவம்பர் 3, வெள்ளி

கிட்டப் பார்வைக்கே என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காபி மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

நவம்பர் 6, திங்கள்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பெயிண்ட் கலக்கிற கடையில் ஸ்பூன்களை எடுத்து வைத்தேன். அங்கே ஒரு பெரியவர், எழுபது இருக்கும். ஹெரால்டா என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பும் கடுகளவு மஞ்சளும் போடாமல் எந்தக் கார் வெள்ளையும் வராது என்றார். வெறும் வெள்ளை வீட்டுச் சுவருக்குத்தானாம். நூறு மில்லி கலக்கித் தந்தார். தகரத்துண்டில் தடவி வெயிலில் காட்டினார். இடது கண்ணில் முதல்முறையாக நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தது. வலது கண்ணில் வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தது.

அவர் கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

நவம்பர் 9, வியாழன்

கண்ணாடிகள். புதுச் சட்டைப் பெட்டியின் மூடிதான் எப்போதும் எனக்கு ஜன்னல் கண்ணாடி. தீபாவளிச் சட்டை வந்ததும் முதலில் மூடியைத்தான் எடுத்து வைத்தேன். முன்கண்ணாடி வளைவுக்கு அதைச் சுடுதண்ணீரில் காட்டி, மரக்கட்டையில் சுற்றி ரப்பர் போட்டு இரவு முழுக்க வைத்திருக்கிறேன்.

பின் சக்கரங்கள் மூன்று டிகிரியில் நிற்கின்றன. தரையில் வைத்துப் பின்னால் இருந்து பார்த்தேன். உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

நவம்பர் 12, தீபாவளி

இடது கண்ணில் மத்தாப்பு நீலம். வலது கண்ணில் பழைய தீபாவளி.

நவம்பர் 14, செவ்வாய்

அக்கா வந்துவிட்டாள். முக்காலியைப் பழைய புடவையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். பிரித்தேன். பச்சை.

"வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சப்போ இதுக்கும் சேர்த்து அடிச்சுட்டாங்கடா. எனக்கு நினைவே இல்ல." அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. பரவாயில்லைக்கா என்று சொன்னேன், நிஜமாகவே சொன்னேன்.

மதியம் அவர்கள் தூங்கினபோது ஒரு காலை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, 2000 நம்பர் பேப்பரை நனைத்து, நாலணா அகலத்துக்கு வட்டமாகத் தேய்த்தேன். பச்சை போய் இன்னொரு பச்சை. அதற்குக் கீழே வளையமாக ஒரு வெள்ளை. அதற்கும் கீழே செங்காவி, அப்புறம் மரம்.

வெள்ளை வளையம் ஒரு நூல் அகலம்தான். வலது கண்ணைப் பதினாறு சென்டிமீட்டருக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சந்தனம். இடது கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர். முதல் தண்ணீர்.

ஆனால் எண்ணெய்ப் பெயிண்ட் இருட்டில் மூடிக் கிடந்தால் தானாகவே மஞ்சளாகும். பச்சைக்கு அடியில் எத்தனை வருஷம் கிடந்ததோ. எவ்வளவு மஞ்சள் அப்பா அடித்தது, எவ்வளவு மஞ்சள் வருஷம் போட்டது?

அக்கா எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "இதேதான்" என்றாள். உடனே, "இதேதானாடா?" என்றாள்.

நவம்பர் 15, புதன்

நாளைக் காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். சொட்டு மருந்து போட்டாயிற்று.

வண்ணத்தை இன்று தொடுவதாக இல்லை. இந்த வலது கண்ணுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நம்பர் பிளேட். கறுப்பில் வெள்ளை எழுத்து. 00000 பிரஷ்ஷில் இரண்டு மயிர் மட்டும் விட்டுவிட்டு வெட்டிக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கைகளை மேஜையில் ஊன்றி, மூக்கு இடிக்கிற தூரத்தில் பிளேட்டைப் பிடித்தேன். எழுத்து ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர் உயரம். மூச்சை விட்டபின் ஒரு கோடு, மறுபடி மூச்சு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நம்பரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அது மட்டும் மறக்கவே இல்லை.

எழுத்து மூன்றும் முடிந்தது. எண்ணில் மூன்று முடிந்தது. கடைசி எண்ணுக்குப் பிரஷ்ஷை நனைத்தபோது கரன்ட் போய்விட்டது. வெளியே நல்ல மழை. அவள் டார்ச் தேடுகிறாள்.

மணி பத்தேமுக்கால். கையைத் தூக்கினபடியே வைத்திருக்க முடியவில்லை என்று பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.